சமமானவர் நடுவே தலைமை

குருவானவர் பங்கை நடத்துகிறார். அவர் பெற்ற குருப்பட்டம் அந்த அதிகாரத்தை அவருக்கு அளிக்கிறது. உபாத்தியாயர் வகுப்பை நடத்துகிறார். அவர் கற்ற கல்வி அந்த உரிமையை அவருக்கு அளிக்கிறது. மேஸ்திரி வேலையாட்களை நடத்துகிறார். அவர் வேலை தெரிந்தவர் என்பதாலும், முதலாளி அவரை நியமித்திருப்பதாலும் அவர் சொல்லுக்கு மற்றவர்கள் கட்டுப்படுகிறார்கள். ஆனால் ஏறக்குறைய ஒரே வயதும் ஒரே நிலையும் உடைய எட்டுப் பத்து ஆண்கள், தங்கள் வாழ்க்கையைப்பற்றித் தங்களுக்குள் மனம் விட்டுப் பேசுவதற்காக, வாரத்தில் ஒரு மாலை ஒன்றுகூடி உட்காருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் ஒருவர் கூட்டத்தை நடத்தவேண்டியிருக்கிறது. அவருக்குப் பட்டமும் இல்லை, நியமனமும் இல்லை. மற்றவர்களைவிட அதிகமான அறிவும் இருக்கவேண்டுமென்பதில்லை. அப்படியானால் எந்த உரிமையைக்கொண்டு அவர் அந்தக் கூட்டத்தை நடத்துவது?

இது அற்பமான கேள்வியன்று. வின்சென்ட் தே பவுல் சபையின் கூட்டமாயினும் சரி, அன்பியத்தைச் சேர்ந்த ஆண்கள் தனியே கூடும் கூட்டமாயினும் சரி, குடியை விட்டவர்களின் கூட்டமாயினும் சரி, அது நிலைப்பதும் கலைவதும் பெரும்பாலும் இக்கேள்விக்கு அதை நடத்துகிறவர் தம் மனத்தில் என்ன பதில் வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தே இருக்கிறது. 'எனக்கு அதிகம் தெரியும், ஆகையால் நடத்துகிறேன்' என்று அவர் எண்ணினால், கூட்டம் பிரசங்கமாகிவிடும். நாலாவது வாரம் அவரும் நாற்காலிகளுமே மிஞ்சுவார்கள். 'எனக்கு ஓர் உரிமையும் இல்லை, நடப்பது நடக்கட்டும்' என்று எண்ணினாலோ, கூட்டம் சந்தைக் கடையாகிவிடும்.

சமமானவர்கள் கூடுமிடத்தில் தலைவரே எதற்கு என்று சிலர் கேட்கலாம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தலைவர் இல்லாத கூட்டம் என்று ஒன்று உலகத்தில் இருந்ததில்லை. யாரையும் தலைவராக வைக்காவிட்டால், குரல் பெரியவன் தலைவனாகிறான். அல்லது பணம் பெரியவன், அல்லது சாதியில் தன்னைப் பெரியவன் என்று எண்ணுகிறவன் தலைவனாகிறான். யாரும் அவனைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆகையால் யாரும் அவனைக் கேள்வி கேட்கவும் முடியாது. இதிலிருந்தே நமக்கு விடையின் நுனி அகப்படுகிறது. சமமானவர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தலைவராக வைப்பது, அவர் தங்களை ஆளுவதற்காக அல்ல. தங்களில் எவனும் மற்றவனை ஆளாதபடி பார்த்துக்கொள்வதற்காக. அவர் கையில் இருப்பது சொந்த அதிகாரமன்று, மற்றவர்கள் ஒப்படைத்த காவல். பேசத் தெரியாதவனுடைய பங்கைக் காப்பதே அந்தக் காவல்.

ஆண்களின் மௌனம்

இந்தக் காவல் ஆண்களின் கூட்டத்தில் ஏன் விசேஷமாகத் தேவைப்படுகிறது? ஆண்கள் பேசாதவர்களா? டீக்கடையில் அரைமணி நேரம் நின்று பாருங்கள்: அரசியல், கிரிக்கெட், நிலத்தின் விலை, மீனின் விலை, பக்கத்து ஊர்த் தகராறு எல்லாம் அங்கே பேசப்படுகின்றன. ஆனால் 'என் மகன் என்னோடு பேசி ஆறு மாதமாகிறது' என்றோ, 'கந்துவட்டிக்காரனுக்குப் பயந்து நான் வேறு தெரு வழியாக வீட்டுக்குப் போகிறேன்' என்றோ, 'வேலை போன பிறகு என் மனைவியின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசுகிறது' என்றோ அங்கே எவனும் சொல்வதில்லை. சிறு வயதில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டபோதே, 'ஆம்பிளைப் பிள்ளை அழலாமா?' என்று நாம் அவனுக்குப் பாடம் கற்பித்துவிட்டோம். அவன் நல்ல மாணாக்கன், பாடத்தை மறக்கவில்லை. அழுகை நின்றது, துயரம் நிற்கவில்லை. அது வேறு வழி தேடிக்கொள்கிறது. சிலருக்கு அது குடி. சிலருக்கு வீட்டில் உள்ளவர்கள்மேல் காட்டும் கோபம். சிலருக்கு ஒருவரிடமும் சொல்லாமல் உயிரை மாய்த்துக்கொள்ளும் கொடிய முடிவு.

இப்படி நாற்பது வருஷம் வாய் திறவாத ஒருவன், ஒரு மாலை ஒரு சிறு கூட்டத்தில் முதல் தடவையாகத் தன் பாரத்தைப்பற்றி அரை வாக்கியம் சொல்லுகிறான். அந்த வேளையில் ஒருவர் சிரித்தாலும், ஒருவர் குறுக்கிட்டாலும், ஒருவர் அவசரமாகப் புத்திமதி சொன்னாலும் அவன் வாயை மூடிக்கொள்வான். மறுபடி திறக்க இன்னும் நாற்பது வருஷம் ஆகலாம். கூட்டத்தை நடத்துகிறவரின் பொறுப்பு எவ்வளவு பெரியது என்பதை இதிலிருந்து அறிந்துகொள்ளலாம்.

வெற்றி வேண்டாத விவாதம்

சமமான மனிதர்கள் கூடிப் பேசிப் பயன் அடைந்த வரலாறுகள் பல உண்டு. அவற்றுள் சிலவற்றைப் பார்த்தால் தலைமையின் தருமம் என்ன என்பது இன்னும் தெளிவாகும். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் 1727-ஆம் ஆண்டு பெஞ்சமின் பிராங்க்ளின் என்ற இளம் அச்சுத் தொழிலாளி, தமக்குத் தெரிந்த சிலரைச் சேர்த்து 'ஜுன்டோ' என்ற ஒரு வட்டத்தை ஆரம்பித்தார். அப்பொழுது அவருக்கு வயது 21. அதில் சேர்ந்தவர்கள் பெரிய மனிதர்கள் அல்லர். செருப்புத் தைப்பவர், தச்சர், கண்ணாடி பதிக்கிறவர், குமாஸ்தா முதலியவர்கள். வெள்ளிக்கிழமை மாலைதோறும் கூடினார்கள். ஒழுக்கம், அரசியல், இயற்கை விஞ்ஞானம் இவைகளைப்பற்றி ஒவ்வொருவரும் முறைவைத்துக் கேள்வி கொண்டுவர வேண்டும் என்பது ஏற்பாடு.

அந்த வட்டத்தின் விதிகளில் ஒன்று நாம் கவனிக்கத்தக்கது. விவாதம் உண்மையைத் தேடும் மனத்தோடு நடக்கவேண்டும். வாதத்துக்காக வாதம் செய்வதும், வெற்றி பெற ஆசைப்படுவதும் கூடாது. நாளடைவில், 'நான் சொல்வதே சரி' என்று அடித்துப் பேசுவதையும், மற்றவரை நேருக்கு நேர் மறுத்துப் பேசுவதையும் தடை செய்து, மீறினவர்களுக்குச் சிறு அபராதம் விதித்தார்கள். உண்மையைத் தேடுவோர் மறுப்பைத் தடை செய்யலாமா என்று ஆச்சரியப்படலாம். அவர்கள் தடை செய்தது மாறுபட்ட அபிப்பிராயத்தை அன்று. அடுத்தவனை மட்டந்தட்டும் முறையை.

அவர்களுள் தாமஸ் காட்பிரி என்று ஒருவர் இருந்தார். கண்ணாடி பதிப்பது அவர் தொழில். தாமாகவே கணிதம் கற்றுப் பெரும் வல்லமை அடைந்தவர். கடலோடிகளுக்குப் பயன்படும் ஒரு கருவியையும் பிற்காலத்தில் கண்டுபிடித்தவர். ஆனால் யார் எதைச் சொன்னாலும் அதில் நுணுக்கமான குற்றம் கண்டு திருத்திக்கொண்டே இருந்ததால் பேச்சு குலைந்தது என்றும், சீக்கிரத்திலேயே அவர் வட்டத்தை விட்டுப் போய்விட்டார் என்றும் பிராங்க்ளின் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கூட்டத்தில் மிகுந்த அறிவாளி அவராகவே இருந்திருக்கலாம். ஆயினும் சரியாக இருப்பது வேறு, நன்மை செய்வது வேறு. கடன்பட்டவன் ஒருவன் தழுதழுத்த குரலில் தன் கதையைச் சொல்லும்போது, 'நீர் சொன்ன வட்டிக் கணக்கு தவறு' என்று திருத்துகிறவர் கணக்கிலே ஜெயிக்கிறார், சகோதரனை இழக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. வட்டத்தில் 12 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை என்று வைத்திருந்தார்கள். பலர் சேர விரும்பியபோது, அந்த வட்டத்தையே பெரிதாக்காமல், ஒவ்வொருவரும் வேறொரு சிறு வட்டத்தை ஆரம்பிக்கட்டும் என்று பிராங்க்ளின் யோசனை சொன்னார். கூட்டம் பெருகுவதைக் கண்டு பெருமைப்படுகிற தலைவர்கள் இதைச் சிந்திப்பது நல்லது. முப்பது பேர் கூடிய இடத்தில் மூன்று பேர் பேசுவார்கள், மற்றவர்கள் பார்வையாளர்கள்.

தெரிந்தவர் என்ன செய்வது?

இனிக் கனடாவில் நடந்ததைப் பார்ப்போம். அங்கே நோவா ஸ்கோஷியா என்ற கடலோர மாகாணத்தில் மீனவர்கள் மிக்க வறுமையில் இருந்தார்கள். தாங்கள் பிடித்த கல்லிறாலையும் மீனையும் வியாபாரிகள் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு, அவர்களிடமே கடன் வாங்கிக் காலம் தள்ளினார்கள். அந்திகோனிஷ் என்ற ஊரிலுள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் பல்கலைக்கழகம் 1928-ஆம் ஆண்டு ஒரு விரிவாக்கத் துறையை ஏற்படுத்தி, மோசஸ் கோடி என்ற குருவானவரை அதன் தலைவராக வைத்தது. அவருக்கு முன்பே ஜிம்மி டாம்ப்கின்ஸ் என்ற குருவானவர் கான்சோ என்ற மீனவர் ஊரில் பங்குக் குருவாயிருந்து, ஜனங்களைப் படிக்கவும் சிந்திக்கவும் தூண்டிக்கொண்டிருந்தார்.

கோடி சுவாமியார் ஊர் ஊராகப் போய்ப் பெரிய கூட்டம் போட்டுப் பேசியது உண்மைதான். ஆனால் அதோடு அவர் நிறுத்தியிருந்தால் ஜனங்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். கூட்டம் முடிந்தவுடன் ஊராரைச் சிறு சிறு படிப்பு வட்டங்களாகப் பிரித்தார்கள். அந்த வட்டங்கள் வாரந்தோறும் யாராவது ஒருவர் வீட்டுச் சமையலறையில் கூடின. அவற்றை நடத்தியவரும் அந்த ஊராரில் ஒருவரே. பல்கலைக்கழகம் புத்தகங்களையும் துண்டுப் பிரசுரங்களையும் அனுப்பியது. பண்டிதரை அனுப்பி ஒவ்வொரு வட்டத்தையும் நடத்தச் சொல்லவில்லை. 'நம் இறாலுக்கு ஏன் இந்த விலை? இடையில் யார் யார் கைக்கு எவ்வளவு போகிறது?' என்று அவர்களே கேட்டு, அவர்களே கணக்குப் போட்டு, அவர்களே கூட்டுறவுப் பதனச்சாலைகளையும் கடன் சங்கங்களையும் கட்டினார்கள். 1930-களில் அப்படிப்பட்ட வட்டங்கள் நூற்றுக்கணக்கில் நடந்தன. பிற்காலத்தில், 1959-இல், அவர் பெயரால் அங்கே ஒரு பயிற்சி நிலையம் ஏற்பட்டது. நம் இந்திய தேசத்திலிருந்தும் பலர் அங்கே சென்று பயின்றிருக்கிறார்கள்.

இங்கே மனச்சாட்சியைப்பற்றிய ஒரு கேள்வி எழும்புகிறது. நடத்துகிறவருக்கு விடை தெரிந்திருந்தால், அதைச் சொல்லாமல் வைத்திருப்பது நேர்மையா? ஒருவன் தப்பு வழியில் யோசித்துக்கொண்டிருக்கிறான். சரியான வழி எனக்குத் தெரியும். நான் மௌனமாய் உட்கார்ந்திருப்பது பிறர்சிநேகத்துக்கு விரோதமல்லவா?

இதற்கு விடை சொல்வதற்கு முன், இருவகைக் கேள்விகளைப் பிரித்துப் பார்க்கவேண்டும். விடையைக் கைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு, மற்றவன் எப்போது அதில் வந்து விழுவான் என்று பார்த்திருப்பது ஒருவகை. பள்ளிக்கூடத்தில் அது செல்லும். வளர்ந்த ஆண்கள் அதை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். கேள்வியின் வேஷத்தில் வரும் பிரசங்கம் அது. அதில் கொஞ்சம் பொய்யும் கலந்திருக்கிறது. மற்றது, அவன் சொல்லுவதை அறிய மெய்யாகவே விரும்பிக் கேட்கும் கேள்வி. எம்மாவுசுக்குப் போன இரண்டு சீடர்களைச் சேசுநாதர் வழியில் சந்தித்தபோது, நடந்தது எல்லாம் அறிந்த அவரே, என்ன நடந்தது என்று அவர்களைக் கேட்டார். அவர்கள் தங்கள் ஏமாற்றத்தையும் துக்கத்தையும் முழுவதும் சொல்லி முடிக்குமட்டும் கேட்டுக்கொண்டே நடந்தார். அதன் பின்னரே விளக்கினார். அவர் சோதிப்பதற்காகக் கேட்கவில்லை. அவர்கள் நெஞ்சில் இருந்ததை இறக்கி வைப்பதற்காகக் கேட்டார்.

ஆகவே நடத்துகிறவர் தமக்குத் தெரிந்ததைச் சொல்லலாம். சொல்லவேண்டிய வேளையில் சொல்லியே ஆகவேண்டும். ஆனால் முதலில் அல்ல, கடைசியில். தீர்ப்பாக அல்ல, தம்முடைய பங்காக. 'எனக்கு இப்படித் தோன்றுகிறது. நான் இதை இவ்விதமாய் அனுபவித்தேன்' என்று மற்றவர்களைப்போலத் தம் முறை வரும்போது சொல்லட்டும். பிறன் தானாக எட்டிப் பறிக்கக்கூடிய கனியை நாம் பறித்துக் கொடுப்பது உதவியாகத் தோன்றும். உண்மையில் அவன் கையை நாம் பலவீனமாக்குகிறோம்.

அதே நோயுள்ள மருத்துவன்

மூன்றாவது உதாரணம், நம் வீடுகளுக்கு மிக அருகில் வருவது. 1935-ஆம் ஆண்டு வேலை நிமித்தம் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊருக்கு வந்திருந்தார் பில் வில்சன் என்பவர். சில மாதங்களாகக் குடியை விட்டிருந்தார். வந்த காரியம் தோல்வியடைந்தது. தனிமையில் மறுபடியும் குடிக்கும் ஆசை அவரைப் பிடித்தது. அப்பொழுது அவர் ஒரு பிரசங்கியையோ மருத்துவரையோ தேடவில்லை. தம்மைப்போல் அவதிப்படும் இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். அவருக்கு அகப்பட்டவர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். முன்னே எத்தனையோ பேரிடம் போய்ப் புத்தி சொல்லிப் பலன் காணாத வில்சன், இவரிடம் தம்முடைய சொந்தக் கதையைச் சொன்னார். சில வாரங்களில் ஸ்மித்தும் குடியை விட்டார். 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்ற பெயரோடு இன்று உலகமெங்கும் பரவியிருக்கும் குழுக்கள் அந்தச் சந்திப்பிலிருந்தே பிறந்தன.

1950-இல் கிளீவ்லாந்தில் கூடிய மாநாட்டில் அவர்கள் ஏற்றுக்கொண்ட பன்னிரண்டு மரபுகளில் ஒன்று, தலைவர்கள் நம்பிக்கைக்குரிய ஊழியர்களேயன்றி ஆளுகிறவர்கள் அல்லர் என்ற கருத்துடையது. நடைமுறையிலும் பொறுப்புகளை ஒருவரே நெடுங்காலம் வைத்திராமல் மாற்றிக்கொண்டு வருவது அவர்கள் வழக்கம். இதில் ஓர் ஆழ்ந்த உண்மை இருக்கிறது. ஆக்ரனில் வில்சன் ஸ்மித்துக்கு உபகாரம் செய்யப் போகவில்லை. தாம் பிழைப்பதற்கே ஸ்மித் தமக்குத் தேவை என்று போனார். கூட்டத்தை நடத்துகிறவர், 'இவர்களுக்கு நான் தேவை' என்று மட்டும் எண்ணிக்கொண்டு வந்தால், சமம் அப்பொழுதே போய்விட்டது. 'இவர்கள் எனக்கும் தேவை' என்று எண்ணுகிறவரே சமமானவர் நடுவில் உட்காரத் தகுந்தவர்.

நேரமும் ஒரு சொத்து

இனி நடைமுறைக்கு வருவோம். பத்துப் பேர் ஒன்றரை மணி நேரம் கூடுகிறார்கள். அதாவது 90 நிமிஷம். ஆளுக்கு ஒன்பது நிமிஷம். அந்த நேரம் பொதுச் சொத்து. ஒருவர் 36 நிமிஷம் பேசினால், தம் பங்கோடு வேறு மூன்று பேருடைய பங்கையும் எடுத்துக்கொண்டார் என்பது கணக்கு. அவர் கெட்ட எண்ணத்தோடு எடுக்கவில்லை; எடுத்ததே அவருக்குத் தெரியாது. ஆயினும் எடுக்கப்பட்டவர்களுக்குத் தெரியும். எனவே, 'ஐயா, நீங்கள் சொன்னது முக்கியம். மற்றவர்களும் சொல்லட்டும், பிறகு உங்களிடம் வருவோம்' என்று தடுத்து நிறுத்துவது மரியாதைக் குறைவன்று, அது நீதி. வயதில் மூத்தவரானால் அண்ணாச்சி என்றோ பெரியவர் என்றோ அன்போடு அழைத்தே நிறுத்தலாம். நிறுத்தாமல் விடுகிற தலைவர் தம்மைச் சாந்தமுள்ளவர் என்று நினைத்துக்கொள்ளலாம். ஆனால் அவருடைய சாந்தத்துக்கு விலை கொடுக்கிறவர்கள் பேசாத மூன்று பேர்.

பேசாதவனை வற்புறுத்தலாமா? கூடாது. மௌனம் எல்லாம் ஒரே மௌனம் அல்ல. இடம் கிடைக்காததால் உண்டாகும் மௌனம் ஒன்று. இன்னும் சமயம் வராததால் உண்டாகும் மௌனம் ஒன்று. முதலாவதைத் தலைவர் போக்கவேண்டும், இரண்டாவதை மதிக்கவேண்டும். 'நீங்கள் ஏதாவது சொல்லப் பிரியப்படுகிறீர்களா?' என்று ஒரு தடவை கேட்பது போதும். 'இல்லை' என்றால், முகம் கோணாமல் அடுத்தவரிடம் போகட்டும். கேட்கப்பட்டதே அவனுக்கு ஒரு மரியாதை.

சமம் என்பது வாயினால் சொல்லும் சொல்லாக நின்றுவிடக் கூடாது. யார் நாற்காலியில், யார் பெஞ்சில், யார் வாசல் ஓரத்தில் என்று பாருங்கள். ஒருவரை 'வாங்க' என்றும், அதே வயதுள்ள இன்னொருவரை 'வா' என்றும் அழைக்கிறோமா என்று காதுகொடுத்துக் கேளுங்கள். தேநீர் வந்ததும் எழுந்து போய் ஊற்றுகிறவன் ஒவ்வொரு வாரமும் ஒருவனே என்றால், அவன் ஏன் அவனாகவே இருக்கிறான் என்று கேட்டுப் பாருங்கள். சாதியும் பணமும் செருப்போடு வாசலில் நின்றுவிடுவதில்லை; உள்ளே வந்து வட்டத்தில் உட்கார்ந்துகொள்கின்றன. அவற்றை எழுப்பி அனுப்புவது தலைவரின் முதல் கடமை.

இரகசியமும் அதன் எல்லையும்

எல்லாவற்றிலும் கடினமான விஷயம் ஒன்று உண்டு. கூட்டத்தில் சொன்னது கூட்டத்தோடு நிற்கவேண்டும் என்பது எல்லாரும் ஒப்புக்கொண்ட விதி. ஒருவனுடைய துயரம் மறுநாள் குழாயடியிலும் டீக்கடையிலும் பேசப்பட்டால், அந்தக் கூட்டம் அவனுக்குச் செய்தது துரோகம். மனைவியிடம் சொன்னால் குற்றமில்லை என்று சிலர் எண்ணுகிறார்கள். உம்முடைய இரகசியத்தை உம்முடைய மனைவியிடம் சொல்வது உம் விருப்பம்; அடுத்தவனுடைய இரகசியம் உம்முடைய சொத்தன்று.

ஆனால் இந்த விதி எதுவரைக்கும் செல்லும்? ஒருவன், தான் வாழ விரும்பவில்லை என்று கூட்டத்தில் சொல்லுகிறான். இன்னொருவன், கோபத்தில் மனைவியை அடித்துக் கையை முறித்ததாகவும், திரும்பவும் அடித்துவிடுவேனோ என்று பயமாயிருக்கிறது என்றும் சொல்லுகிறான். வேறொருவன் வாயிலிருந்து, ஒரு குழந்தைக்கு இழைக்கப்படும் அக்கிரமம் வெளிப்படுகிறது. இரகசியம் என்று நாம் வாயை மூடிக்கொள்ளலாமா?

மூடக்கூடாது. பாவசங்கீர்த்தனத்தின் இரகசியம் குருவானவருக்கு உரியது. அது எவ்வித விலக்கும் இல்லாதது. நம்முடைய வட்டம் பாவசங்கீர்த்தனத் தொட்டியன்று, நாமும் குருக்கள் அல்லர். இங்கே இரகசியத்தைக் காப்பது எளியவனைக் காப்பதற்காக. அதே இரகசியம் இன்னொரு எளியவளின் வாயை அடைக்கும் துணியாக ஆகும்போது, அதற்குரிய நியாயம் போய்விடுகிறது. வாழ வெறுத்தவனைத் தனியே வீட்டுக்கு அனுப்பக்கூடாது. அவன் குடும்பத்தாருக்கும் மருத்துவருக்கும் தெரியவேண்டும். மனைவியை அடித்தவனிடம் அவன் கண்ணீரை மட்டும் பார்த்து இரங்கிவிட்டு, அன்றிரவு அவனோடு ஒரே வீட்டில் இருக்கப்போகிற அந்தப் பெண்ணின் பாதுகாப்பை மறந்துவிட்டால், நாம் ஆண்களின் சபை அல்ல, ஆண்களின் சதி. குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்தவர் எவரும் அதைத் தெரிவிக்கவேண்டும் என்று 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டமே கட்டளையிடுகிறது.

ஆனால் இந்த எல்லையை எப்போது சொல்வது? அவன் சொல்லி முடித்த பிறகு அன்று. வட்டம் கூடும் முதல் நாளிலேயே சொல்லவேண்டும். 'இங்கே பேசுவது வெளியே போகாது. ஆனால் ஓர் உயிருக்கு ஆபத்து என்றால் நாங்கள் சும்மா இருக்கமாட்டோம்' என்று தெளிவாக அறிவித்துவிடட்டும். எல்லையில்லாத இரகசியத்தை வாக்களித்து ஒருவனைப் பேசவைத்துவிட்டு, பிறகு வாக்கை மீறுவது வஞ்சகம். எல்லையை முன்னரே சொன்னால் பேச வந்தவன் தயங்குவானே என்று கேட்கலாம். சிலர் தயங்குவார்கள். ஆயினும் தெரிந்து பேசுகிறவனுக்கு, உதவி வேண்டும் என்ற விருப்பமும் உள்ளே இருக்கிறது.

இதோடு சேர்ந்தது இன்னொரு கேள்வி. யாராவது, 'மனைவியைத் தட்டிவைப்பது புருஷன் உரிமை' என்பதுபோல் பேசினால் தலைவர் கேட்டுக்கொண்டிருப்பதா? கேட்பது வேறு, ஒப்புக்கொள்வது வேறு. உடனே பாய்ந்து விழுந்தால் அவன் தன் கட்சியைப் பலமாகப் பிடித்துக்கொள்வான். உரிமையைப்பற்றிய பேச்சை விட்டு, என்ன நடந்தது, அப்போது பிள்ளைகள் எங்கே இருந்தார்கள் என்று கேட்கட்டும். மற்ற ஆண்கள் பேசட்டும். தன் ஒத்தவன் ஒருவன், 'நானும் அப்படித்தான் இருந்தேன். என் மகள் என்னைக் கண்டு ஒளிந்துகொண்ட நாளில்தான் எனக்குப் புத்தி வந்தது' என்று சொல்வது நூறு பிரசங்கத்துக்குச் சமம். ஆனால் அப்படி ஒருவரும் சொல்லாமல் கூட்டம் கலையும் வேளை வந்துவிட்டால், தலைவர் எழுந்து, அது தவறு என்று தெளிவாகச் சொல்லவேண்டும். உண்மை வோட்டினால் தீர்மானிக்கப்படுவதன்று.

பேச்சுக்குப் பின்

பேசிப் பேசிக் கலைவது போதுமா? 1833-ஆம் ஆண்டு பாரீஸ் நகரில் பிரெடெரிக் ஓசானாமும் அவருடைய தோழர்களும் வரலாற்று விவாதக் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தார்கள். உங்கள் திருச்சபை முற்காலத்தில் நன்மை செய்தது சரி, இப்பொழுது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று எதிர்க்கட்சியார் கேட்டனர். அந்தக் கேள்வி அவர்களைத் தைத்தது. அவ்வருஷம் ஏப்ரல் மாதத்தில் அவர்கள் தொடங்கிய சிறு சபையே இன்று நம் பங்குகளில் இருக்கும் வின்சென்ட் தே பவுல் சபை. இதில் ஒரு சிறு விவரம் கவனிக்கத்தக்கது. ஓசானாமின் பெயரே இன்று உலகம் அறிந்தது; ஆனால் அந்த முதல் கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் எம்மானுவேல் பாய்யி என்ற மூத்தவர். அவர் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? வட்டம் வாழ்ந்தது, அதை நடத்தினவர் பெயர் மறைந்தது. இதைவிட நல்ல சாட்சிப்பத்திரம் ஒரு தலைவருக்குக் கிடைக்குமா?

நம்முடைய வட்டங்களும், ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும், இந்த வாரம் யார் என்ன செய்வது என்று ஒரு சிறு காரியத்தையாவது நிச்சயிக்கட்டும். ஒருவர் வேலை இழந்தவரோடு துணைக்குப் போகலாம். ஒருவர் கந்துவட்டியிலிருந்து மீள வங்கியில் வழி உண்டா என்று விசாரிக்கலாம். ஒருவர் வீட்டுக்குப் போனதும் மகனோடு ஐந்து நிமிஷம் பேசலாம். வட்டத்தில் கற்றுக்கொண்ட பேச்சு வீட்டுக்குள் போகாவிட்டால், பெண்கள் நம் கூட்டத்தைப் பார்த்துச் சிரிப்பதற்கு நியாயம் உண்டு.

நடத்துகிறவர்கள் கூட்டம் முடிந்து வீடு திரும்பும் வழியில் தங்களையே மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளட்டும். இன்று நான் எவ்வளவு நேரம் பேசினேன்? இன்று பேசாமல் போனவர் யார், ஏன்? அடுத்த வாரம் நான் வராவிட்டால் கூட்டம் நடக்குமா? மூன்றாவதற்கு 'நடக்கும்' என்று மனத்தாங்கல் இல்லாமல் பதில் சொல்ல முடிந்தால், அவர் தம் கடமையைச் செய்துவிட்டார். அப்பொழுது தயங்காமல் பக்கத்தில் இருப்பவரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, மற்றவர்களைப்போல வட்டத்தில் ஓர் இடத்தில் உட்காரட்டும். ஒப்படைக்கப்பட்டதைத் திருப்பி ஒப்படைப்பதற்காகவே அவர் பெற்றார்.

இதை வாசிக்கும் சகோதரரே, உம் தெருவில் இப்படிப்பட்ட ஒரு வட்டம் இல்லையென்றால், பெரிய ஏற்பாடுகளுக்குக் காத்திருக்க வேண்டாம். நாலு பேர் போதும். ஒரு திண்ணை போதும். அந்த நாலு பேரில் ஒருவர் மற்ற மூவரைப் பேசவிடுகிறவராக இருந்தால் போதும்.